தேரி மணலும் செல்லின் நினைவும்: நொதித் தடுப்பான்கள் வெளிப்படுத்தும் கதிர்வீச்சுத் தடயங்கள்

குலசேகரன்பட்டினத்துக்கு மேற்கே உடன்குடி, காயாமொழி, சாத்தான்குளம் வட்டாரங்களில் பரந்து கிடக்கும் செம்மணல் தேரி, இரும்பு ஆக்சைடு பூசிய குவார்ட்ஸ் மணலால் ஆனது. அந்த மணலோடு இல்மனைட், கார்னெட், சிர்கான், ரூட்டைல் ஆகிய கன கனிமங்களும், அவற்றோடு ஒப்பிட மிகச் சிறு அளவில் மோனசைட்டும் கலந்திருக்கின்றன. மோனசைட் தோரியம் சுமக்கும் கனிமம். தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு போன்ற ஆறுகள் மலைப்பாறைகளை அரித்துக் கொண்டுவந்து கடலில் சேர்த்த மண்ணை, அலையும் காற்றும் எடைவாரியாகப் பிரித்துக் கரையில் அடுக்கியதால் இக்கனிமங்கள் இங்கே தங்கின. தெற்கே குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியில் மோனசைட்டின் செறிவு மிகுதி. 1909இல் ஜெர்மன் வேதியியலாளர் ஷோம்பர்க் அதை அடையாளம் கண்ட பிறகுதான் இந்தக் கடற்கரையின் மணல் உலகச் சந்தைக்குள் நுழைந்தது. கடற்கரை மணல் அகழ்வு 2013இல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டதையொட்டி மோனசைட் என்ற சொல் செய்தித்தாள் வாசகர்களுக்கும் பழக்கமாயிற்று.

தேரி மணலுக்கு அறிவியலில் இன்னொரு பயனும் உண்டு. ஒரு மணல்மேடு எப்போது படிந்தது என்பதை அறிய, குவார்ட்ஸ் மணியின் படிகத்துக்குள் சிக்கியிருக்கும் ஆற்றலை ஒளி பாய்ச்சி வெளியேற்றி அளக்கிறார்கள். சுற்றியுள்ள தோரியம், யுரேனியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சு பல்லாயிரம் ஆண்டுகளாக அந்த மணிக்குள் சேமித்த ஆற்றல் அது. வெயில் படாமல் புதைந்து கிடக்கும்வரை, தான் வாங்கிய கதிர்வீச்சு அனைத்தையும் மணல்மணி அப்படியே வைத்திருக்கிறது. அதே மணலின் மேல் வாழும் மனிதரின் இரத்தச் செல்லோ தான் வாங்கியதில் பெரும்பகுதியைச் சில மணி நேரத்தில் அழித்துவிடுகிறது. அழிப்பவை நொதிகள், அதாவது செல்லுக்குள் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்கள். அந்த நொதிகளைத் தற்காலிகமாக முடக்கும் வேதிப்பொருள்களுக்கு நொதித் தடுப்பான்கள் என்று பெயர். அவற்றைச் செல் வளர்ப்பில் சேர்த்துக் கதிர்வீச்சின் மரபியல் விளைவுகளைக் கவனிக்கும் ஆய்வுகள், செல் எதை, எப்போது, எவ்வாறு மறக்கிறது என்பதைக் கடந்த அரை நூற்றாண்டில் படிப்படியாகக் காட்டித்தந்தன. அந்த வரலாற்றில் ஒரு தமிழரின் பங்கு பெரிது என்பது இங்கே அதிகம் அறியப்படாத செய்தி.

முதலில் அளவுகளைப் பார்க்க வேண்டும், ஏனெனில் இத்துறையில் பெரும்பாலான குழப்பங்கள் அளவை மறப்பதால் வருகின்றன. ஒரு கிலோ திசு ஒரு ஜூல் ஆற்றலை ஏற்றால் அது ஒரு கிரே. அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிகிரே. ஒரு கிரே எக்ஸ் கதிர் ஒரு மனிதச் செல்லின் டி.என்.ஏ.வில் ஏறத்தாழ 1,000 ஒற்றை இழை முறிவுகளையும், சுமார் 40 இரட்டை இழை முறிவுகளையும், அவற்றோடு டி.என்.ஏ.வின் எழுத்துகளான காரங்களில் பல சிதைவுகளையும் உண்டாக்குகிறது. மோனசைட் மிகுந்த கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் சில இடங்களில் இயற்கைக் கதிர்வீச்சு ஆண்டுக்கு 45 மில்லிகிரே வரை எட்டினாலும் பெரும்பாலான இடங்களில் அதைவிட வெகுவாகக் குறைவு. ஆண்டுக்கு 20 மில்லிகிரே என்று கொண்டால், ஒரு செல்லுக்கு ஓர் ஆண்டு முழுவதிலும் கிடைப்பது ஒன்றுக்கும் குறைவான இரட்டை இழை முறிவுதான். கதிர்வீச்சே இல்லாவிட்டாலும் மூச்சுவிடும் ஆக்சிஜனின் துணைவிளைவுகளாலும் நீரின் வேதிச் செயலாலும் ஒவ்வொரு செல்லிலும் நாள்தோறும் பல்லாயிரம் டி.என்.ஏ. சிதைவுகள் நிகழ்ந்து சீராகின்றன. ஆகவே கடற்கரை மனிதர்களின் செல்லில் கதிர்வீச்சின் சுவட்டைத் தேடுவது, பெருஞ்சந்தை இரைச்சலுக்கிடையே ஒருவரின் மெல்லிய குரலைப் பிரித்துக் கேட்பது போன்றது. பழுதுநீக்கும் நொதியை நிறுத்திவைப்பது அந்தக் குரலை ஓங்கச் செய்யும் வழிகளுள் ஒன்று.

இந்தச் சோதனைகளின் அடிப்படை முறை 1960இல் உருப்பெற்றது. சில மில்லிலிட்டர் இரத்தத்திலுள்ள லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள் இயல்பாகப் பிரியாமல் உறங்குகின்றன. சிவப்பு பீன்ஸ் விதையிலிருந்து எடுக்கப்படும் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற புரதத்தை வளர்ப்பு நீர்மத்தில் சேர்த்தால் அவை விழித்து, ஏறத்தாழ 48 மணி நேரத்தில் முதல் பிரிவுக்கு வந்துசேர்கின்றன. குரோமோசோம்கள் தடித்துத் தனித்தனியே தெரியும் அந்தக் கட்டத்தில் செல்லை நிறுத்திவைக்கக் கொல்ச்சிசின் வகை வேதிப்பொருள் தேவைப்படுகிறது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையும் கிழங்கும் கொல்ச்சிசின் தருபவை என்பதும், அந்த விதைக்காகவே இம்மாநிலத்தின் வறண்ட நிலங்களில் செங்காந்தள் பயிரிடப்படுகிறது என்பதும் இங்கே குறிப்பிடத் தக்கவை. நிறுத்தப்பட்ட செல்லைக் கண்ணாடியில் பரப்பிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், கதிர்வீச்சு விட்டுச்சென்ற வடுக்கள் தெரியும்: துண்டாகி விலகிய குரோமோசோம், இரண்டு முறிந்த குரோமோசோம்கள் தவறாக ஒட்டிக்கொண்டதால் மையம் ஒன்றுக்குப் பதில் இரண்டாகிவிட்ட இருமையக் குரோமோசோம், வளையமாகச் சுருண்ட குரோமோசோம். இயல்பான மனிதரிடம் இருமையக் குரோமோசோம் ஆயிரம் செல்லுக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவாகவே தென்படும் என்பதால், கதிர்வீச்சு விபத்துகளில் வாங்கிய அளவைக் கணிக்க இதுவே நம்பகமான அடையாளமாக நெடுங்காலம் இருந்துவருகிறது.

ஆனால் நுண்ணோக்கியில் தெரிவது வடு மட்டுமே; காயம் அப்போது போய்விட்டிருக்கும். எந்தக் காயம் எந்த வடுவாக மாறியது என்பதை எண்ணிக்கை மட்டும் சொல்லாது. இந்த இடைவெளியை நிரப்ப முற்பட்டவர்களில் முன்னணியில் நின்றவர், பெயரின் முதலெழுத்தில் பழைய வட ஆர்க்காட்டின் அடையபலம் என்னும் ஊரைத் தாங்கிய ஏ.டி. நடராஜன். டெல்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தில் எம்.எஸ். சுவாமிநாதனோடு பணியாற்றி, குரோமோசோம் தொகுதிகள் பெருகப் பெருகப் பயிர்களின் கதிர்வீச்சுத் தாங்குதிறன் எவ்வாறு மாறுகிறது என்பதை 1957இல் வெளியிட்டவர்; பின்னர் ஸ்டாக்ஹோமிலும், நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்திலும் குரோமோசோம் ஆய்வைத் தொடர்ந்தவர்.

1978இல் நடராஜனும் ஜெர்மன் ஆய்வாளர் குந்தர் ஓபேயும் செய்த சோதனையில் உத்தி தலைகீழாக இருந்தது. நொதியைத் தடுப்பதற்கு மாறாக, வெளியிலிருந்து ஒரு நொதியைச் செல்லுக்குள் புகுத்தினார்கள். நியூரோஸ்போரா என்னும் பூஞ்சையின் எண்டோநியூக்ளியேஸ், டி.என்.ஏ.வின் ஓர் இழை அறுந்து மறு இழை தனியாக நிற்கும் இடத்தைக் கண்டு அந்த இழையையும் வெட்டிவிடும். அதாவது ஒற்றை முறிவை இரட்டை முறிவாக்கிவிடும். கதிர்வீச்சு பெற்ற சீன வெள்ளெலிச் (ஹாம்ஸ்டர்) செல்களின் சவ்வை நொதி நுழையும்படி தளர்த்தி அதை உள்ளே அனுப்பியபோது, குரோமோசோம் பிறழ்வுகள் கணிசமாக உயர்ந்தன. பிறழ்வுக்கு அடிக்காரணம் இரட்டை இழை முறிவே என்பதற்கு இது நேரடியான சான்றாயிற்று. 1984இல் அவர்களே, குறிப்பிட்ட எழுத்து வரிசைகளில் மட்டும் டி.என்.ஏ.வை வெட்டும் கட்டுப்பாட்டு நொதிகளைக் கதிர்வீச்சே இல்லாத செல்களில் செலுத்தி, எக்ஸ் கதிரின் பிறழ்வுகளை ஒத்தவற்றை உண்டாக்கிக் காட்டினார்கள். கதிர்வீச்சின் பல்வகைச் சிதைவுகளிலிருந்து ஒன்றை மட்டும் இப்படித் தனியே பிரித்தெடுத்துச் சோதித்த தெளிவு, இத்துறையின் மிக அழகிய செயல்களில் ஒன்று.

தடுப்பான்களால் கிடைத்த சான்று இதை முழுமையாக்கியதோடு சிக்கலாக்கவும் செய்தது. சைட்டோசின் அராபினோசைடு என்பது டி.என்.ஏ. இழையை நீட்டும் பாலிமரேஸ் நொதியைத் தடுக்கும் மருந்து. இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் பயன்படுவது. சிதைந்த காரத்தை வெட்டியெடுத்த பிறகு ஏற்படும் பள்ளத்தைப் பாலிமரேஸ்தான் நிரப்ப வேண்டும். 1980இல் ஜூலியன் பிரஸ்டன், கதிர்வீச்சு பெற்ற மனித வெள்ளணுக்களை இம்மருந்தில் சில மணி நேரம் வைத்தபோது பிறழ்வுகள் பெருகின என்று அறிவித்தார். நேரடி இரட்டை முறிவுகள் மட்டுமல்லாமல், அடைபடாமல் நின்ற பழுதுநீக்கப் பள்ளங்களும் வடுவாக மாறக்கூடும் என்பது இதன் பொருள். சிதைவு ஏற்பட்டது மட்டுமன்று, சீராக்கும் வேலை பாதியில் நின்றதும் பிறழ்வை உண்டாக்கலாம் என்னும் இந்தக் கருத்து, அதற்குப் பின் வந்த பல ஆய்வுகளின் அடியில் கிடக்கிறது.

இவ்வகை ஆய்வுகளில் மிகுதியாகப் பயன்பட்ட தடுப்பான் 3-அமினோபென்சமைடு. 1963இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் பால் மான்டெல் ஆய்வகத்தினர் பாலி ஏ.டி.பி. ரைபோஸ் என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறு உருவாவதைக் கண்டனர். அந்தச் சங்கிலியைக் கோக்கும் நொதி, இன்று பார்ப் என்று சுருக்கமாக அழைக்கப்படுவது, டி.என்.ஏ. இழை அறுந்த இடத்தில் வந்து ஒட்டிக்கொண்டு, வைட்டமின் பி3இன் வழிவந்த என்.ஏ.டி. மூலக்கூறைப் பயன்படுத்தித் தன்மீதே சங்கிலி கட்டி, பழுதுநீக்கும் மற்ற புரதங்களை அங்கே வரவழைத்துவிட்டு விலகிவிடுகிறது. 1980இல் சிட்னி ஷால் குழுவினர் இந்த வேலை டி.என்.ஏ. சீராக்கத்துக்குத் தேவை என்று நிறுவியதும், என்.ஏ.டி.யின் ஒரு பகுதியைப் போல் நடித்து நொதியை ஏமாற்றும் 3-அமினோபென்சமைடு பல நாட்டு ஆய்வகங்களின் குளிர்பெட்டிகளில் இடம் பிடித்தது.

உடனே ஒரு புதிர் எழுந்தது. கதிர்வீச்சே தராமல் இந்தத் தடுப்பானை மட்டும் செல் வளர்ப்பில் சேர்த்தாலும், ஒரு குரோமோசோமின் இரு பிரதிகளும் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் சகோதர இழைப் பரிமாற்றம் பன்மடங்கு பெருகியது. பழுதே இல்லாதபோது பழுதுநீக்கியைத் தடுத்தால் மரபுப்பொருள் ஏன் இப்படிக் குலைய வேண்டும்? சிலர் தடுப்பானே மரபுப்பொருளைத் தாக்குகிறது என எண்ணத் தலைப்பட்டனர். 1981இல் நடராஜன் குழு, பரிமாற்றத்தைக் காண உதவும் சாயமேற்றும் முறையையே சந்தேகித்தது. பால் பெர்ரியும் ஷெல்டன் வுல்ஃபும் 1974இல் செம்மையாக்கிய அந்த முறையில், செல் இரண்டு முறை டி.என்.ஏ.வைப் பெருக்கும்போது அதற்குத் தைமிடினுக்குப் பதிலாகப் புரோமோடியாக்சியூரிடின் என்னும் போலி எழுத்து ஊட்டப்படுகிறது. அதனால் ஒரு பிரதி வெளுத்தும் மறுபிரதி அடர்ந்தும் தெரிவதால், துண்டு மாறிய இடம் கண்ணுக்குப் புலப்படுகிறது. தடுப்பானால் உண்டாகும் பரிமாற்றங்களின் எண்ணிக்கை பெரும்பாலும், டி.என்.ஏ.வுக்குள் நுழைந்த அந்தப் போலி எழுத்தின் அளவையே சார்ந்திருக்கிறது என்று நடராஜன் குழு காட்டியது. போலி எழுத்து இருந்த இடங்களில் இழை எளிதில் அறுகிறது; இயல்பாக நொதி உடனே சீராக்கிவிடும் அம்முறிவுகள் தடுப்பானால் நீடித்து, அடுத்த பெருக்கத்தின்போது பரிமாற்றங்களாக வெளிப்பட்டன. காண்பதற்காகச் சேர்த்த பொருளே காணப்பட்ட விளைவில் பெரும்பங்கு வகித்தது. ஒரு முடிவு வெளிவந்தவுடன் அதைத் தலைப்புச் செய்தியாக்கும் அவசரம் பெருகியுள்ள இக்காலத்தில், இந்தச் சிறு ஆய்வுக்கட்டுரை மாணவர்களுக்குப் பாடமாகவே வைக்கத் தக்கது.

அதே வுல்ஃப், 1984இல் தம் கூட்டாளிகளோடு வெளியிட்ட மற்றொரு முடிவு, சிறு அளவுக் கதிர்வீச்சு கடற்கரை மனிதரின் செல்லில் என்ன செய்கிறது என்னும் கேள்விக்கு மிக நெருக்கமானது. மனித லிம்போசைட்டுகளை மிகக் குறைந்த கதிரியக்கம் கொண்ட தைமிடினில் வளர்த்துவிட்டு, பிறகு 1.5 கிரே எக்ஸ் கதிர் கொடுத்தார்கள். இரண்டு கதிர்வீச்சின் விளைவுகளும் கூடிவர வேண்டிய இடத்தில், கூட்டுத்தொகையைவிடக் குறைவான பிறழ்வுகளே தென்பட்டன. சிறு அளவு கதிர்வீச்சு செல்லைப் பேரளவுக்கு முன்கூட்டியே தயார் செய்தது போன்ற இந்நிகழ்வுக்குத் தகவமைவு எதிர்வினை என்று பெயரிட்டனர். இது வெறும் எண்ணிக்கைத் தற்செயலா, உண்மையான உயிரியல் செயலா என்பதைத் தீர்த்துவைத்தவை தடுப்பான்களே. எக்ஸ் கதிர் கொடுத்த உடனே 3-அமினோபென்சமைடு சேர்த்தபோது அந்தப் பாதுகாப்பு மறைந்துவிட்டது. ஆகவே அது பழுதுநீக்க நொதிகள் ஈடுபடும் செயல் என்பது 1986இல் தெளிவாயிற்று. பின்னர் புரதம் உருவாவதை நிறுத்தும் சைக்ளோஹெக்சிமைடு என்ற தடுப்பானைப் பல நேரங்களில் சேர்த்துப் பார்த்தபோது, சிறு கதிர்வீச்சுக்குப் பின் 4 முதல் 6 மணி நேரத்துக்குள் புதிய புரதங்கள் உருவாகத் தடை ஏற்பட்டால் மட்டுமே தகவமைவு கெட்டது. வெறும் வியப்பாக நின்றிருக்கக்கூடிய ஒன்று, நேரமும் கருவியும் உடைய ஒரு செயல்முறையாக இவ்வாறு உருப்பெற்றது.

எல்லாத் தடுப்பான்களும் டி.என்.ஏ. நொதிகளைக் குறிவைப்பவை அல்ல. 1978இல் ஆன் கென்னடியும் ஜான் லிட்டிலும், புரதங்களை வெட்டும் புரோட்டியேஸ் நொதிகளைத் தடுக்கும் ஆன்டிபெயின் முதலியவற்றைக் கதிர்வீச்சு பெற்ற எலிச் செல் வளர்ப்பில் சேர்த்தபோது, புற்றுநோய்த் தன்மைக்கு மாறும் செல்களின் விகிதம் குறைந்தது. சோயா பீன்ஸிலுள்ள பவ்மன்–பிர்க் தடுப்பானும் இவ்வாறே செயல்படுவது பின்னர் தெரிந்தது. நம் கொள்ளிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த தடுப்பான் உண்டு. அதைக் கொண்டு, கொள்ளு ரசம் கதிர்வீச்சுக்கு மருந்து என்று முடிவு கட்டுவது ஆய்வின் எல்லையை மீறுவதாகும். வளர்ப்புக் குடுவையில் செல் நேரடியாகப் பெறும் செறிவு, செரித்துக் கரைந்த பிறகு உடலின் செல்லைச் சென்றடைவதில்லை.

காப்பியின் காஃபீன் கதையும் சுருக்கமாகச் சொல்லத்தக்கதே. கதிர்வீச்சு பட்ட செல், பழுதைச் சீராக்கும்வரை பிரிவைத் தள்ளிப்போடுகிறது. வளர்ப்பில் காஃபீனைச் சேர்த்தால் அந்தக் காத்திருப்பு குலைந்து, முறிவுகளோடே செல் பிரிவுக்குள் நுழைந்துவிடுவதால் பிறழ்வுகள் பெருகுகின்றன. காரணம் பல ஆண்டுகள் புரியாமல் இருந்தது. 1995இல் அடாக்சியா டெலஞ்சியெக்டேசியா என்னும் அரிய பிறவிநோய்க்குரிய ஏ.டி.எம். மரபணு கண்டுபிடிக்கப்பட்டு, அதன் நொதியும் அதன் உறவுநொதி ஏ.டி.ஆரும் முறிவை அறிவித்துப் பிரிவை நிறுத்துபவை என்று தெரிந்த பிறகு, 1999இல் காஃபீன் அவ்விரண்டையும் தடுக்கிறது என்று காட்டப்பட்டது. வளர்ப்பில் பயன்பட்ட காஃபீன் செறிவு மிக அதிகம்; காலையில் ஒரு தம்ளர் காப்பி அருந்துபவரின் இரத்தத்தில் அது வருவதேயில்லை.

ஒரே தடுப்பான் ஒரு கட்டத்தில் பெரும் விளைவையும், வேறு கட்டத்தில் மிகச் சிறிய விளைவையும் காட்டுவதற்கும் விளக்கம் இருக்கிறது. இரட்டை முறிவைச் செல் இரு வழிகளில் இணைக்கிறது. முனைகளை நேரடியாக ஒட்டுவது ஒரு வழி, டி.என்.ஏ.–பி.கே. நொதி அதை நடத்துகிறது, விரைவானது, ஆனால் ஓரிரு எழுத்துகள் தொலையலாம் அல்லது தவறான முனைகள் இணையலாம். டி.என்.ஏ. பெருகிய பிறகு கிடைக்கும் மறுபிரதியைப் பார்த்து எழுதுவது மற்றொரு வழி. துல்லியமானது, ஆனால் மறுபிரதி இருக்கும் காலத்தில் மட்டுமே இயலும். உறங்கும் லிம்போசைட்டில் முதல் வழியே பெரிதும் செயல்படுவதால், டி.என்.ஏ.–பி.கே. தடுப்பான் அங்கே பெருஞ்சேதம் செய்யும். பிரிவுக்கு நெருங்கிய செல்லில் மறுவழி ஓரளவு ஈடுகட்டும். பார்ப் தடுப்பான்களின் விளைவோ செல் டி.என்.ஏ.வைப் பெருக்கும்போது கடுமையாகிறது. தடுக்கப்பட்ட நொதி சங்கிலி கட்டி விலக முடியாமல் முறிவின் மேலேயே சிக்கிக்கொள்வதும், பெருக்கம் நடத்தும் இயந்திரம் அதில் மோதி முறிவை இரட்டை முறிவாக்குவதும் இதற்குக் காரணங்கள். 2005இல் இரு ஆய்வுக் குழுக்கள், துல்லிய வழியை நடத்தும் பி.ஆர்.சி.ஏ. மரபணுக்கள் கெட்டுப்போன புற்றுநோய்ச் செல்களை இத்தடுப்பான்கள் தனித்து அழிக்கின்றன எனக் காட்டின. 2014இல் ஒலாபாரிப் என்ற மருந்து அமெரிக்காவில் சினைப்பைப் புற்றுக்கு ஒப்புதல் பெற்றது. சகோதர இழைப் பரிமாற்றங்களை எண்ணிக்கொண்டிருந்த ஆய்வகங்களின் வேலை, நோயாளிகளின் மாத்திரையாக உருவெடுக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கடற்கரை மக்களைப் பற்றிய ஆய்வுகளை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆய்வு, இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த வீடுகளில் வாழ்ந்தவர்களிடம் புற்றுநோய் கூடுதலாக இருந்ததாகக் காணவில்லை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் குரோமோசோம்களை எண்ணிய பாபா அணு ஆராய்ச்சி மையத்தினரும், அதிகக் கதிர்வீச்சுப் பகுதிக்கும் சாதாரணப் பகுதிக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணவில்லை. கொல்லத்திலுள்ள அம்மையத்தின் ஆய்வகத்தோடு இணைந்து செயல்பட்ட குழு, அதிகக் கதிர்வீச்சுப் பகுதியினரின் லிம்போசைட்டுகள், ஆய்வகத்தில் கொடுக்கப்பட்ட கதிர்வீச்சின் இரட்டை முறிவுகளைத் திறமையாகச் சீராக்குகின்றன என்று 2017இல் அறிவித்தது. இவற்றைக் கொண்டு மோனசைட் மணல் உடலுக்கு நன்மை தரும் என்று பேசுவோர் உண்டு. எந்த அளவும் நஞ்சே என்று அஞ்சுவோரும் உண்டு. இரு தரப்பினரும் இறுதி எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறார்கள். வடு குறைவாக இருப்பதற்குக் காயம் குறைந்தது காரணமா, சீராக்கம் விரைந்தது காரணமா, அல்லது சீராகாத செல்கள் இறந்து எண்ணிக்கையிலிருந்து விலகியது காரணமா என்பதை எண்ணிக்கை பிரித்துச் சொல்லாது.

பிரித்துச் சொல்லக்கூடிய சோதனையின் வடிவம் 1986லேயே கையில் கிடைத்துவிட்டது. கடற்கரைவாசியின் லிம்போசைட்டுகளை இரு பங்காக்கி, இரண்டுக்கும் ஒரே அளவு எக்ஸ் கதிர் கொடுத்து, ஒரு பங்கில் மட்டும் பார்ப் தடுப்பானை உடனே சேர்த்து, உள்நாட்டுக் கிராமங்களில் வாழும் அதே வயதினரின் செல்களோடு ஒப்பிட வேண்டும். திறமையான சீராக்கம் என்று கண்டது அந்த நொதியின் வேலையாக இருந்தால், தடுப்பான் சேர்த்த பங்கில் இரு கூட்டத்தாரின் வேறுபாடும் மறையும், மறையாவிட்டால் டி.என்.ஏ.–பி.கே. தடுப்பானைக் கொண்டு அடுத்த வழியைச் சோதிக்க வேண்டும். சகோதர இழைப் பரிமாற்றத்தை எண்ணுவதாயின், போலி எழுத்தின் அளவை எல்லாக் குடுவைகளிலும் ஒரே செறிவில் வைத்து, தடுப்பான் மட்டும் சேர்த்த, கதிர்வீச்சு படாத ஒரு குடுவையையும் உடன் வளர்க்க வேண்டும்.